எரிவாயுவுக்கு இருபது வருடம் எழுதிக் கொடுக்கும் முன்

எரிசக்தி அமைச்சர் அவர்களுக்கும், நாட்டின் மின் உற்பத்தித் திட்டத்தை வகுக்கும் பொறியியலாளர்களுக்கும், இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் உறுப்பினர்களுக்கும்,

நீண்டகால மின் உற்பத்தித் திட்டம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இறக்குமதித் திரவ இயற்கை எரிவாயுவுக்கு அதில் ஓர் இடம் ஒதுக்குகிறீர்கள். நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டுச் சூரியனுக்கும் காற்றுக்கும் போய்ச் சேரும் வரை இடையில் ஒரு பாலம் வேண்டும், அந்தப் பாலம் எரிவாயு என்கிறீர்கள். 2030 இல் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவோம் என்று அறிவித்ததும் இந்த நாட்டின் அரசுதான். அந்த இலக்கையும் நீண்டகால எரிவாயு ஒப்பந்தத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கணக்கு உதைக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவள். தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். இந்த நாட்டின் மின்சாரம் லயங்கள் எனப்படும் எங்கள் வரிசை வீடுகளைத் தாண்டித்தான் கீழே இறங்குகிறது. அந்த உரிமையோடு பேசுகிறேன்.

எங்கள் பக்கம் வாசிப்பவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சமையலுக்கு வாங்கும் சிலிண்டரில் இருப்பது வேறு வாயு. அது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இங்கே பேசப்படுவது பெரும்பாலும் மெதேன்; மின் நிலையத்தில் எரிப்பதற்காகக் கப்பலில் கொண்டுவரப்படுவது. ஆகவே இந்தத் திட்டம் நிறைவேறினாலும் தோட்டத்து அடுப்பில் விறகுதான் எரியும். 2022 இல் சிலிண்டருக்கு ஹட்டன் நகரில் வரிசையில் நின்றவர்கள் இதனால் தங்களுக்கு விடிவு வரும் என்று நம்பிவிடக் கூடாது.

எரிவாயுவுக்குச் சாதகமாக இருப்பதை மறைக்க மாட்டேன். ஒரு அலகு மின்சாரத்துக்கு அது வெளியிடும் காபனீரொட்சைட்டு நிலக்கரியினுடையதில் ஏறத்தாழ பாதிதான். சாம்பல் இல்லை. நிலக்கரி மின் நிலையம் இருக்கும் நுரைச்சோலையின் மக்கள் தூசியோடு எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்த எவரும் இதைச் சிறிய விடயம் என்று தள்ள முடியாது. எரிவாயு நிலையத்தின் உற்பத்தியை வேகமாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். கெரவலப்பிட்டிய மின் நிலையங்களில் டீசலும் உலை எண்ணெயும் எரிவதை விட அங்கே எரிவாயு எரிவது நல்லது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கெரவலப்பிட்டியவின் கதை என்ன? அங்குள்ள 300 மெகாவாட் நிலையம் 2010 இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. எரிவாயு வந்ததும் அதற்கு மாறும் என்று சொல்லிக் கட்டப்பட்ட நிலையம் அது. எரிவாயு வரவில்லை, எண்ணெயில் ஓடியது. 2021 செப்டம்பரில் அதன் 40 சதவீதப் பங்கையும் எரிவாயு விநியோகத்தையும் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அப்போதும் எரிவாயு வரவில்லை. பிறகு பக்கத்திலேயே 350 மெகாவாட்டில் இன்னொரு நிலையம் எழுந்தது. 2024 இல் அதன் முதற்கட்டம் தொடங்கியபோதும் எரிவாயு இறக்க ஒரு முனையம் கூட நாட்டில் இருக்கவில்லை. வரப்போகிறது என்று சொல்லப்படும் எரிபொருளுக்காக நிலையம் கட்டுவது, பிறகு நிலையம் நிற்கிறதே என்பதற்காக எரிபொருள் ஒப்பந்தம் தேடுவது என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகிறது. இடைக்காலம் என்று சொல்லித் தொடங்கிய காலம் பதினைந்து வருடத்தைத் தாண்டிவிட்டது. இடைக்காலம் எப்போது முடியும் என்று எந்த ஆவணத்திலாவது திகதி போட்டிருக்கிறீர்களா?

இந்த எரிபொருளின் தன்மையே குறுகிய காலத்துக்கு ஒத்துவராது. வாயுவை மறை 162 பாகைக்குக் குளிரவைத்துத் திரவமாக்கி, கன அளவை 600 இல் ஒரு பங்காகச் சுருக்கி, அதற்கென்றே கட்டிய கப்பலில் ஏற்றி வர வேண்டும். இங்கே மிதக்கும் முனையம் வேண்டும், மீண்டும் வாயுவாக்கும் ஏற்பாடு வேண்டும், குழாய் வேண்டும். இவ்வளவு முதல் போடுபவர் இரண்டு மூன்று வருடத்துக்கு உடன்பட மாட்டார். பதினைந்து, இருபது வருட ஒப்பந்தம் கேட்பார். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறிப்பிட்ட அளவுக்குப் பணம் தர வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருக்கும். உலகில் இந்த வியாபாரம் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

அந்த நிபந்தனையை எங்கள் மழையோடு சேர்த்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவம் நன்றாகப் பெய்யும் வருடத்தில் காசல்ரீயும் மவுசாகலையும் நிரம்பும். லக்சபான நீர்மின் தொகுதி முழு மூச்சில் ஓடும். அந்த வாரங்களில் எரிவாயு மின்சாரத்துக்குத் தேவை மிகக் குறைவு. ஆனாலும் வாங்கிய வாயுவுக்குப் பணம் கட்டியாக வேண்டும். கட்டிய பணம் வீணாகக் கூடாது என்று எரிவாயு நிலையத்தை ஓட்டினால், எங்கள் அணை வான் பாய்ந்து தண்ணீர் சும்மா களனி கங்கையில் போகும். ஓட்டாமல் விட்டால் எரிக்காத வாயுவின் செலவு எங்கள் கரண்ட் பில்லில் ஏறும். இதில் எது நடக்கும் என்று உங்கள் திட்டத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா?

விலையையும் பார்ப்போம். ஆசியச் சந்தையில் ஒரு மில்லியன் பிரித்தானிய வெப்ப அலகு எரிவாயு 2020 இன் நடுப்பகுதியில் 2 டொலருக்கும் கீழே போனது. உக்ரேன் போருக்குப் பிறகு 2022 ஓகஸ்டில் 70 டொலர் அளவுக்கு ஏறியது. இரண்டு வருடத்தில் இப்படி ஆடும் பொருளை நம்பி நாட்டின் விளக்கை வைக்கச் சொல்கிறீர்கள். அதே 2022 ஜூலையில் பாகிஸ்தான் பத்துக் கப்பல் எரிவாயுவுக்குக் கேள்விமனு கோரியபோது ஒருவர் கூட விலை கொடுக்க முன்வரவில்லை. இருந்ததையெல்லாம் ஐரோப்பா அதிக விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது. பங்களாதேஷ் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்திவிட்டு மின்வெட்டுக்குப் போனது. இரண்டும் எங்களை விடப் பெரிய பொருளாதாரங்கள். இரண்டும் இதே காரணத்தைச் சொல்லி எரிவாயுவுக்குப் போன நாடுகள். பாகிஸ்தான் மக்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் கவனியுங்கள். 2024 இல் மட்டும் சுமார் 17 ஜிகாவாட் சோலார் பலகைகள் அந்த நாட்டுக்குள் இறக்குமதியாயின. கூரைகள் நிறைந்தன, மின்கட்டமைப்பின் தேவை குறைந்தது, ஒப்பந்தப்படி வர வேண்டிய எரிவாயுக் கப்பல்களைப் பிற்போடும்படி கட்டாரிடம் அரசு கேட்க வேண்டி வந்தது.

இந்தக் கப்பல்களுக்கு டொலரில்தான் பணம் கட்ட வேண்டும். அந்த டொலர் எங்கிருந்து வருகிறது என்று நான் வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மலையைக் காட்டுவார்கள். 2024 இல் தேயிலை ஏற்றுமதி சுமார் 1.4 பில்லியன் டொலர் கொண்டுவந்தது. கொழுந்து மடுவத்தில் நிறுவைக்காகக் கூடையோடு நிற்கும் பெண்ணின் உழைப்பு அது. 2022 இல் டொலர் தீர்ந்தபோது பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு வந்ததும், மருந்து இல்லாமல் போனதும், கோதுமை மாவின் விலையில் தோட்டத்து வீடுகள் ஒரு நேர ரொட்டியைக் குறைத்ததும் எங்களுக்கு மறக்கவில்லை. எரிபொருளை வெளியிலிருந்து வாங்கி எரிக்கும் பழக்கம்தான் எங்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோனவற்றில் ஒன்று. எண்ணெய்க்குப் பதில் எரிவாயு என்றால் கடன்காரர் மாறுவார், கடன் மாறாது.

அப்புறம் மெதேன். புகைபோக்கியில் பாதி காபனீரொட்சைட்டு என்ற கணக்கு, கிணற்றிலிருந்து கப்பல் வரை வழியில் கசிவதைச் சேர்க்காத கணக்கு. எரியாமல் வளிக்குப் போகும் மெதேன் இருபது வருடக் கணக்கில் காபனீரொட்சைட்டை விட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. கசிவு சில சதவீதத்தைத் தாண்டினாலே நிலக்கரியை விட நல்லது என்ற வாதம் ஆட்டம் காணும். திரவமாக்கவும் கடல் கடத்தவும் செலவாகும் சக்தி அதற்கு மேல். எங்கள் நாடு வாங்கப்போகும் வாயு எந்த வயலிலிருந்து வருகிறது, அங்கே கசிவு எவ்வளவு என்று விற்பவரிடம் கேட்காமல் பசுமை என்று சொல்லாதீர்கள்.

எரிவாயு எதை மாற்றப் போகிறது என்பதிலும் தெளிவில்லை. நுரைச்சோலையின் முதல் அலகு 2011 இல் தொடங்கியது. மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாட். இப்படிப்பட்ட நிலையங்கள் முப்பது வருடக் கணக்கில் கட்டப்படுபவை. பொதுவாக நிலக்கரி மின்சாரம் இறக்குமதி எரிவாயு மின்சாரத்தை விட மலிவு என்பதால் எரிவாயு வந்ததும் நுரைச்சோலை மூடப்படும் என்று நினைக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. நிலக்கரி அப்படியே இருக்க, அதன் மேல் எரிவாயுவும் சேரும். மிஞ்சும் சிறு இடத்தில் சூரியனும் காற்றும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

அது இப்போதே நடக்கிறது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை குறைந்ததால், கூரைச் சோலார் வைத்திருப்பவர்களைப் பகலில் அதை நிறுத்தி வைக்கச் சொன்னீர்கள். சும்மா கிடைத்த வெயிலை நிறுத்தச் சொன்ன அதே நாட்டில் கப்பலில் வாயு வாங்கும் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் இல்லாமல் போனது பகல் மின்சாரத்தைப் பிடித்து வைத்து மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை கொடுக்கும் ஏற்பாடு. இடைவெளி என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் அந்த நான்கு மணி நேரம்தான். நான்கு மணி நேரத்துக்கு பற்றரித் தொகுதிகள் இன்று உலகெங்கும் நிறுவப்படுகின்றன. அவற்றின் விலையும் வருடா வருடம் இறங்கி வருகிறது.

எங்களிடம் பற்றரியை விடப் பழைய ஒன்றும் இருக்கிறது. பகலில் அம்பாந்தோட்டையிலும் மன்னாரிலும் வெயிலும் காற்றும் கொடுக்கும்போது காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை, விக்டோரியாத் தண்ணீரை மிச்சம் பிடித்து, மாலையில் திறக்கலாம். நீர்மின் நிலையம் சில நிமிடங்களில் முழு வேகம் எடுக்கும். அரநாயக்கப் பகுதியில் மகா ஓயா நீரேற்றுச் சேமிப்பு நிலையம், 600 மெகாவாட், உங்கள் திட்ட ஆவணங்களிலேயே இருக்கிறது. பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் இறக்கும் நிலையம். அது வருடம் வருடமாகத் தள்ளிப் போகிறது. எரிவாயு முனையத்துக்குக் காட்டும் அவசரத்தை இதற்கு ஏன் காட்டவில்லை?

நீண்ட வறட்சிக்கு பற்றரி போதாது என்பீர்கள். உண்மை. 2023 ஓகஸ்டில் சமனலவெவ தண்ணீரை உடவளவ விவசாயிகளுக்குக் கொடுப்பதா, தென்பகுதியின் மின்சாரத்துக்கு வைத்திருப்பதா என்று நாடே தடுமாறியது. அப்படிப்பட்ட மாதங்களுக்கு ஏற்கனவே கட்டிய கெரவலப்பிட்டிய நிலையங்கள் கைவசம் இருக்கட்டும். அங்கே டீசலுக்குப் பதில் எரிவாயு எரியட்டும். அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வாங்க வேண்டும். ஆபத்துக்கு வைத்திருப்பதை அன்றாட உணவாக்க வேண்டாம்.

பொறியியலாளர் விமலசுரேந்திர இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918 இல் கட்டுரை வாசித்தார். லக்சபானவில் முதல் மின்சாரம் பிறந்தது 1950 இல். இடையில் 32 வருடம் போனது. இப்போது நோர்ட்டன் பிரிட்ஜ் நிலையத்துக்கு அவருடைய பெயர் இருக்கிறது. உங்களிடமும் இப்படி எழுதியவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய அறிக்கைகளை இன்னும் முப்பது வருடம் அலுமாரியில் வைக்காதீர்கள்.

இனி எங்கள் விடயம். இந்த நாட்டின் மின்சாரத்துக்காக மலையகம் ஏற்கனவே கொடுத்துவிட்டது. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. நீர்மட்டம் இறங்கும் காலத்தில் அந்தக் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் இன்றும் வெளியே தெரியும். மேல் கொத்மலைக்காகத் தலவாக்கலையில் குடும்பங்கள் இடம் பெயர்ந்தன, சென் கிளேயர் அருவியின் தண்ணீர் சுரங்கத்துக்குள் திரும்பியது. உமா ஓயாச் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது.

பதிலுக்கு எங்கள் லயத்துக்கு வந்தது என்ன? பழைய வயரிங். ஒரு காம்பிராவில், அதாவது ஒரு குடும்பத்தின் அறையில், தீப்பொறி விழுந்தால் வரிசை முழுவதும் எரியும் கூரை. நான் படிப்பித்த பிள்ளைகள் சிலர் புத்தகப் பை கூட மிஞ்சாமல் அப்படி வெளியே ஓடி வந்தவர்கள். 2022 ஓகஸ்டுக்கு முன் 30 அலகு பாவித்த வீட்டுக்கு அலகு 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. மொத்தம் 105 ரூபா. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400. அதே 30 அலகுக்கு 1,300 ரூபா. அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா. பிறகு குறைத்தீர்கள் என்பது உண்மை. ஆனால் எரிபொருள் விலையின் ஆட்டம் கடைசியில் யார் தலையில் இறங்கும் என்பதை அந்த மாதங்கள் எங்களுக்குக் காட்டிவிட்டன.

என் அம்மா இன்னும் லயத்தில்தான் இருக்கிறார். அவர் காம்பிராவின் கூரையில் சிறிய சோலார் தொகுதி பூட்டலாமா என்று விசாரித்தேன். நிலம் உங்கள் பெயரில் இல்லை, தோட்டத்தின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். தோட்ட நிர்வாகம் கடிதம் தர மறுத்தது. கூரை தோட்டத்துக்குரியது என்று சொன்னது. அந்தக் கூரை ஒழுகினால் தார்ப்பாய் போடுவது மட்டும் அம்மாவின் பொறுப்பு. புதுப்பிக்கத்தக்க சக்தி என்ற பேச்சு கொழும்பில் வீட்டுக்காரர்களை நோக்கிப் பேசப்படுகிறது. நிலமில்லாதவர் அதில் எங்கே நிற்கிறார்?

எங்கள் தோட்டத்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கீழே ஓடையருகில் ஒரு கல் கட்டடம் இருக்கிறது. பவர் ஹவுஸ் என்றுதான் சொல்வோம். என் அப்பா ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதிலிருந்து வந்த மின்சாரத்தில் இயந்திரங்கள் ஓடினவாம். மலையகம் முழுவதும் இப்படி நூற்றுக்கணக்கான சிறு நீர்ச்சுழலிகள் இருந்தன. தேசியக் கட்டமைப்பு மலிவாக வந்ததும் கைவிடப்பட்டன. எங்களுடையதில் குழாய் கழற்றி இரும்புக்கு விற்கப்பட்டது. சுவர் மட்டும் நிற்கிறது. ஓடை அதே ஓடைதான், இன்றும் ஓடுகிறது.

டித்வாவைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் அந்தப் புயல் நாட்டில் 600 க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. பதுளை, கண்டி, நுவரெலியா மலைகள் சரிந்தன. 2014 இல் மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதைந்த நினைவே எங்களுக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு புயலை ஓர் எரிபொருளோடு நேராகக் கோர்க்கக் கூடாது என்று என் மாணவர்களுக்கே சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் வளி ஒரு பாகை சூடானால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்கும் என்பதும் அதே பாடத்தில் இருக்கிறது. சரிவில் வாழும் எங்களுக்குக் காலநிலை மாற்றம் மண்ணாக வந்து கதவைத் தட்டுகிறது. எனவே இன்னும் இருபது வருடம் எரிப்போம் என்று கையெழுத்திடும் முன் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

என் கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறேன்.

எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் என்ற நிபந்தனையோடு எந்த நீண்டகால எரிவாயு ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதீர்கள். எந்த ஒப்பந்தமானாலும் அதன் முழு வாசகத்தைக் கையெழுத்துக்கு முன்பே சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடுங்கள். நள்ளிரவில் கையெழுத்திட்டு விடிந்த பிறகு விளக்கம் தரும் முறை இனி வேண்டாம்.

எரிவாயுவைக் கெரவலப்பிட்டியவில் ஏற்கனவே உள்ள நிலையங்களோடு நிறுத்துங்கள். புதிய எரிவாயு நிலையம் ஒன்றும் வேண்டாம். அங்கே எரிவாயு எந்த ஆண்டில் நிறுத்தப்படும், நுரைச்சோலையின் ஒவ்வொரு அலகும் எந்த ஆண்டில் மூடப்படும் என்று திட்டத்தில் இலக்கத்தில் எழுதுங்கள். மெதேன் கசிவைச் சேர்த்துக் கணக்குக் காட்டுங்கள்.

மகா ஓயாவையும் பற்றரித் தொகுதிகளையும் எரிவாயு முனையத்துக்கு முன்னால் வையுங்கள். ஆனால் மகா ஓயாவில் மேல் கொத்மலையிலும் உமா ஓயாவிலும் நடந்தது திரும்பக் கூடாது. மண் வெட்டும் முன் அந்த ஊர் மக்களோடு பேசி, இழப்பீட்டை எழுத்தில் கொடுங்கள்.

லயங்களில் வாழும் குடும்பங்களுக்கு அவர்கள் பெயரிலேயே மீற்றர் கொடுங்கள். தோட்டத்தின் சம்மதக் கடிதம் என்ற நிபந்தனையை நீக்குங்கள். லயங்களின் பழைய வயரிங்கை அரசு செலவில் மாற்றுங்கள். தோட்டப் பாடசாலை, கோவில், பிள்ளைக்காம்பிரா, வாசிகசாலைக் கூரைகளில் பொதுச் சோலார் அமைத்து, அதன் வருமானத்தை அந்தத் தோட்டத்து வீடுகளின் பில்லில் கழியுங்கள்.

கைவிடப்பட்ட தோட்டச் சுழலிகளைக் கணக்கெடுத்து, ஓடையை வற்றவைக்காமல் ஓட்டக்கூடியவற்றை மீட்டெடுங்கள். அவற்றில் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பங்கு கொடுங்கள்.

நீர்மின் வருமானத்தில் ஒரு பங்கை நீரேந்துப் பகுதிக்கு ஒதுக்குங்கள். மண் அரித்து வண்டலாக நீர்த்தேக்கத்தில் இறங்கினால் உங்கள் தண்ணீர்ப் பற்றரியின் கொள்ளளவுதான் குறைகிறது. சரிவில் மரம் நட, கான்களைச் சுத்தம் செய்ய, மண்சரிவு ஆபத்துள்ள லயங்களை இடம் மாற்ற அந்தப் பணம் வேண்டும். அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். அவர்களுக்கே வேலையைக் கொடுங்கள்.

அடுத்த உற்பத்தித் திட்டத்தை ஆணைக்குழு அங்கீகரிக்கும் முன் ஹட்டனிலும் பதுளையிலும், தோட்ட மக்கள் வேலை இழக்காமல் வரக்கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில், தமிழில் பகிரங்க விசாரணை நடத்துங்கள். இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்பதை அங்கே எழுத்தில் கொடுங்கள்.

தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியை ஒருவர்
காசல்ரீ